பக்கவாதம் வந்த கையை வீட்டில் பழக்குவது: முதலில் எண்ணத் தொடங்குங்கள்

அம்மாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அந்தக் கையில் கொஞ்சம் அசைவு இருந்தது. விரல்களை அரை அங்குலம் விரிப்பார், தோளை லேசாகத் தூக்குவார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அதுவும் குறைந்திருந்தது. இத்தனைக்கும் நாங்கள் கவனிக்காமல் விட்டவர்கள் இல்லை. அத்தை சோறு ஊட்டினார், நான் தலை வாரிவிட்டேன், அப்பா மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டார், தினமும் சாயங்காலம் எண்ணெய் போட்டு நீவிவிட்டோம். புதிதாக வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் முதல் நாளே கேட்டார்: "அக்கா, இந்தக் கை ஒரு நாளைக்கு எத்தனை தடவை தானா எதையாவது செய்யுது?" மறுநாள் உட்கார்ந்து எண்ணினோம். ஏழு தடவை.

அந்த ஏழு தடவையை எப்படிக் கூட்டுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்ட்ரோக் வந்து, ஆபத்தான கட்டம் தாண்டி, டாக்டர் "பயிற்சி ஆரம்பிக்கலாம்" என்று சொன்ன பிறகு வீட்டில் கைக்காகச் செய்ய வேண்டியவை இவை. காலைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. நடக்க வேண்டுமென்றால் ரெண்டு காலும் வேண்டும், அதனால் கால் கட்டாயத்திலேயே ஓரளவு பழகும். கைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, ஒரு கை நன்றாக இருந்தாலே பாதி வேலை ஓடிவிடும், மீதிக்கு வீட்டில் ஆள் இருக்கிறது.

மூளையில் செத்துப்போன இடம் செத்ததுதான், அது திரும்ப முளைக்காது. ஆனால் அதைச் சுற்றி உயிரோடிருக்கும் நரம்பணுக்கள் புதிய இணைப்புகளை விடும், முன்பு வேறு வேலை பார்த்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கையின் வேலையை எடுத்துக்கொள்ளும். மூளையின் நெகிழ்வுத்தன்மை என்கிறார்களே, அது இதுதான். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, இந்த நெகிழ்வு எந்தப் பக்கமும் வளையும். பயன்படாத கைக்காக மூளை இடத்தைக் காலியாகப் பூட்டி வைத்திருக்காது, ஆள் இல்லாத மனையில் பக்கத்து வீட்டுக்காரர் மாட்டைக் கட்டுகிற கதைதான். 1996இல் ராண்டால்ஃப் நூடோ என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு அணில் குரங்குகளில் இதைக் காட்டியது. மூளையில் கைக்கான பகுதியில் சின்ன அடைப்பை உண்டாக்கிவிட்டு அப்படியே விட்ட குரங்குகளில், அடிபடாமல் தப்பிய கைப்பகுதியும் சுருங்கிப்போனது. பயிற்சி கொடுத்த குரங்குகளில் அது சுருங்கவில்லை, சிலவற்றில் முழங்கைக்கும் தோளுக்கும் இருந்த இடத்துக்குள்ளேயும் பரவியது. அந்தப் பயிற்சி என்ன தெரியுமா? ஒரு பலகையில் பெரிதும் சிறிதுமாகக் குழிகள், குழிக்குள் தீனி உருண்டை, விரலால் எடுத்துத் தின்ன வேண்டும். கிட்டத்தட்ட நம் பல்லாங்குழி.

எட்வர்ட் டவுப் என்ற ஆய்வாளர் அதற்கு முன்பே வேறொன்றைப் பார்த்திருந்தார். குரங்கின் ஒரு கையிலிருந்து உணர்வைக் கொண்டுபோகும் நரம்பைத் துண்டித்தால், அசைக்கும் நரம்பு நன்றாக இருந்தும் அது அந்தக் கையைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிடுகிறது. நல்ல கையைக் கட்டிப்போட்டால் மறுபடி பயன்படுத்த ஆரம்பிக்கிறது! முதல் சில நாட்களில் கையை நீட்டிப் பார்க்கிறது, தோற்கிறது, நல்ல கையை நீட்டினால் உடனே கிடைக்கிறது, அதனால் 'இது உதவாத கை' என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. பிறகு கையில் தெம்பு வந்தாலும் பாடம் மறப்பதில்லை. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இந்தப் பாடத்தை நடத்தியது நாங்கள்தான், அதுவும் பாசத்தோடு.

டவுப் இதை வைத்து மனிதர்களுக்கு ஒரு சிகிச்சையை உருவாக்கினார். 2006இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஸ்ட்ரோக் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு பாதிப் பேருக்கு 2 வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கைக்கு உறை மாட்டி, வார நாட்களில் தினமும் 6 மணி நேரம் வரை பழக்கினார்கள். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட இவர்களின் கை அதிகம் தேறியது, ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தேர்ச்சி நின்றிருந்தது.

சரி, நம் வீட்டில் 6 மணி நேரமெல்லாம் நடக்காது. அதனால் மணியைப் பார்க்காமல் எண்ணிக்கையைப் பாருங்கள். கேதரின் லாங் என்ற ஆய்வாளரின் குழு சிகிச்சை மையங்களில் நேரில் உட்கார்ந்து எண்ணி 2009இல் எழுதியது: ஒரு அமர்வில் கை ஏதாவது உருப்படியான வேலை செய்வது சராசரியாக 32 தடவை. மூளை மாறியதாகக் காட்டிய விலங்கு ஆய்வுகளிலோ தினம் 400, 600 தடவை. மனிதர்களால் முடியுமா என்று அதே குழு அடுத்த வருடமே சோதித்தது. ஒரு மணி நேரத்தில் 300ஐத் தாண்ட முடிந்தது. பிசியோ வந்து அரை மணி நேரம் கையை ஆட்டிவிட்டுப் போனால் இன்றைய வேலை முடிந்தது என்று நினைக்கிற வீடுகளுக்காகத்தான் இந்த எண்ணை அழுத்திச் சொல்கிறேன். அடுத்தவர் ஆட்டிவிடுவது மூட்டு இறுகாமல் இருக்க உதவும். இந்த 300இல் அது சேராது. நோயாளி தானாக முயற்சி செய்து, ஒரு பொருளைத் தொட்டு, தள்ளி, பிடித்து, விட்டால்தான் ஒன்று.

எப்போது ஆரம்பிப்பது? முதல் இரண்டொரு நாளில் அவசரப்படாதீர்கள். 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நடமாட வைத்தால் நல்லது என்று நினைத்துச் செய்த பெரிய ஆய்வு 2015இல் வெளியானது, நல்லபடி தேறியவர்கள் அந்தக் குழுவில்தான் குறைவாக இருந்தார்கள். கைப் பயிற்சியிலும் ஆரம்ப வாரங்களில் மிக அதிகமாகக் கொடுத்தபோது பலன் குறைந்ததாக 2009இல் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. ஆரம்பத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, டாக்டரும் பிசியோவும் சொல்லும் அளவில் செய்யுங்கள். வேகமாக முன்னேறும் காலம் பெரும்பாலும் முதல் மூன்று மாதம், அதற்காக முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் திணிக்கத் தேவையில்லை.

முதலில் கை எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். கையை மேசைமேல் வைத்து விரலை விரிக்கச் சொல்லுங்கள். அப்புறம் கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டு அசைவும் துளியாவது இரண்டாம் நாளே இருந்தால், ஆறு மாதத்தில் கை ஓரளவு வேலைக்கு ஆகும் வாய்ப்பு 98 சதவீதம் என்று நெதர்லாந்தில் ஒரு ஆய்வு கண்டது. இரண்டும் இல்லாதவர்களுக்கு 25 சதவீதம். இதைப் படித்துவிட்டு யாரும் நோயாளி முன்னால் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டாம். எந்தப் பயிற்சியில் தொடங்குவது என்று முடிவு செய்யத்தான் இது.

விரல் கொஞ்சமாவது விரிகிறது என்றால் நேராக வேலைக்குப் போகலாம். கை வைக்காத நாற்காலி, முழங்கை உயரத்தில் மேசை, இரண்டு பாதமும் தரையில். ஒரு துண்டை எடுத்து மார்பைச் சுற்றி நாற்காலி முதுகோடு தளர்வாகக் கட்டுங்கள், உடனே அவிழ்க்கிற மாதிரி முடிச்சு. இது எதற்கென்றால், டம்ளரை எட்டி எடுக்கச் சொன்னால் கை நீளாமல் உடம்பே முன்னால் சாயும், தோள் காது வரை ஏறும், வேலை முடிந்துவிடும். ஆனால் முழங்கை நீளப் பழகியிருக்காது. உடம்பை நிறுத்தினால் முழங்கை நீண்டே ஆக வேண்டும்.

எங்கள் மேசையில் இருந்தவற்றைச் சொல்கிறேன், நீங்கள் உங்கள் வீட்டிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு மடித்த துணி, அதன்மேல் உள்ளங்கையை வைத்து மேசையைத் துடைப்பதுபோல் முன்னும் பின்னும், பிறகு வட்டமாக. காலி பிளாஸ்டிக் டம்ளர் நான்கு, இடதிலிருந்து வலது, வலதிலிருந்து இடது. புளியங்கொட்டையும் சோழியும் பல்லாங்குழியும். துணிக்கு மாட்டுகிற கிளிப், அதில் லூசாகிப்போன பழைய கிளிப்தான் முதலில், புதிய கிளிப் இரண்டு மாதம் கழித்து. சப்பாத்தி மாவு உருண்டையைத் தட்டிப் பரத்துவது, ஏனென்றால் அப்போது விரல்கள் விரிந்தே இருக்கும். கீரை ஆய்வது பின்னால் வந்தது, அதற்கு இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். இவை தவிர நாள் முழுக்க அந்தக் கைக்கென்றே ஒதுக்கிய வேலைகள்: லைட் சுவிட்ச், ஃபிரிட்ஜ் கதவு, டிவி ரிமோட், பூஜை மணி. விபூதி எடுப்பது அருமையான பயிற்சி என்று அந்தப் பிசியோ சொன்னபோது சிரித்தோம். யோசித்துப் பார்த்தால் மூன்று விரல் சேர்த்துக் கிள்ளி எடுப்பது, கொட்டாமல் கையைத் தூக்கி நெற்றி வரை கொண்டுபோவது, விரல் விரித்துப் பூசுவது, எல்லாம் அதற்குள் இருக்கிறது. அம்மா அதை ஒருநாளும் 'எக்சர்சைஸ்' என்று சொல்லி அலுத்துக்கொண்டதில்லை.

கஷ்டத்தை ஏற்றுவதில்தான் சூட்சுமம். எங்களுக்குச் சொன்ன கணக்கு இது: பத்துக்கு ஏழெட்டு தடவை முடிந்தால் சரியான அளவு, பத்தும் முடிந்தால் வேலை சுலபமாகிவிட்டது, ஐந்துகூட முடியவில்லை என்றால் இறக்குங்கள். ஏற்றுவதென்றால் டம்ளரை இரண்டு அங்குலம் தள்ளி வைப்பது, பிளாஸ்டிக்குக்குப் பதில் எவர்சில்வர், கால் டம்ளர் தண்ணீர், அப்புறம் அரை டம்ளர். கை தடுமாறும்போது உங்கள் கை தானாக உதவிக்குப் போகும். அதை அடக்குவதுதான் இந்த முழுக் கதையிலும் கஷ்டமான பயிற்சி, அத்தையை நாங்கள் அந்த நேரத்தில் கோவிலுக்கு அனுப்பிவிடுவோம்.

எண்ணுவதற்கு ஒரு கிண்ணத்தில் 30 புளியங்கொட்டை போட்டு, ஒரு செயலைப் பத்து தடவை செய்தால் ஒரு கொட்டையை அடுத்த கிண்ணத்துக்கு மாற்றினோம். கிண்ணம் காலியானால் 300. முதல் வாரம் ஐந்து கொட்டை நகர்ந்தது, அவ்வளவுதான். காலையில் 40 நிமிடம், சாயங்காலம் 40 நிமிடம் எனப் பிரித்துக்கொண்ட பிறகு எண்ணிக்கை ஏறியது. ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு வரும் அசதி நம் அசதி மாதிரி இல்லை, சுவிட்ச் அணைத்த மாதிரி வரும், அப்போது விட்டுவிடுங்கள். மதியத் தூக்கத்தைக் கெடுத்துப் பயிற்சி கொடுக்காதீர்கள், பழகியது மூளையில் படிவதற்குத் தூக்கம் வேண்டும்.

நல்ல கையைக் கட்டுவது பற்றி. மணிக்கட்டையும் விரலையும் கொஞ்சமாவது பின்னால் நிமிர்த்த முடிகிறவர்களுக்குத்தான் அது. அசைவே இல்லாத கையை வைத்துக்கொண்டு நல்ல கையையும் கட்டினால் அது வெறும் கொடுமை. நாங்கள் அடுப்படியில் சூடான பாத்திரம் பிடிக்கிற கையுறையை இடது கையில் மாட்டினோம், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். எழுந்து நடக்கும்போது, பாத்ரூமில், படியில், அடுப்பு பக்கத்தில் கழற்றிவிட வேண்டும், விழுந்தால் பிடித்துக்கொள்ள அந்தக் கை வேண்டும். பிசியோவைக் கேட்காமல் இதை ஆரம்பிக்காதீர்கள். வலது கையாலேயே சாப்பிடப் பழக்க முதலில் பொரி, வேர்க்கடலை, பிறகு இட்லி என்று போனோம். சாம்பார் சாதம் ரொம்ப நாள் கழித்துத்தான். விழுங்குவதில் சிரமம் இருப்பவருக்கு இந்த வரிசை ஒத்துவராது, டாக்டர் சொன்ன சாப்பாடு மட்டும்.

விரல் அசையவே இல்லையென்றால் கண்ணாடியை எடுங்கள். கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்காக, 1990களில் கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்திக் காட்டியவர் வி.எஸ். ராமச்சந்திரன், நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதே யோசனையை ஸ்ட்ரோக் வந்த 9 பேரிடம் சோதித்த சின்ன ஆய்வு 1999இல் வந்தது, அப்புறம் நிறைய வந்துவிட்டன. செய்முறை எளிது. ஒன்றரை அடிக்கு இரண்டு அடி கண்ணாடியை நெஞ்சுக்கு நேராக, இரண்டு கைக்கும் நடுவில் மேசையில் நிறுத்துங்கள், பளபளக்கும் பக்கம் நல்ல கையைப் பார்த்து இருக்க வேண்டும், வராத கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றிவிடுங்கள், கண்ணாடிக்குள் தெரிவது தன் வராத கை என்று மூளை நம்ப வேண்டுமே. பிறகு நல்ல கையை மெதுவாக விரித்து மூடி, மணிக்கட்டைத் தூக்கி இறக்கி, கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, பின்னால் இருக்கும் கையாலும் அதையே செய்ய முயற்சி செய்ய வேண்டும். தினம் அரை மணி நேரம், ஒரு மாதமாவது. சிலருக்குத் தலை சுற்றும், நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள். கூடவே பிசியோ மின்தூண்டல் (லேசான மின்சாரத்தால் தசையை அசைக்கும் மெஷின்) வைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் மெஷின் ஓடும்போது நோயாளி டிவி பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அது தூக்கும் நேரத்தில் தானும் தூக்க முயற்சி செய்ய வேண்டும்.

செய்யக் கூடாதவை சில. கட்டிலிலிருந்து எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். தோளைத் தாங்கும் தசை தொய்ந்திருப்பதால் மூட்டு சுலபமாக நழுவும், ஒருமுறை தோள் வலி வந்துவிட்டால் எல்லாப் பயிற்சியும் நின்றுபோகும். உட்காரும்போது கை தொங்கக் கூடாது, தலையணை வையுங்கள். கூரையில் கப்பி மாட்டிக் கயிற்றால் கையைத் தலைக்கு மேல் இழுக்கிற பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. அது தோளைக் கெடுக்கும், அமெரிக்க மறுவாழ்வு வழிகாட்டுதலே வேண்டாம் என்கிறது. அப்புறம் அந்த ஸ்பஞ்சு பந்து! பார்க்க வருகிற சொந்தக்காரர்களில் ஒருவராவது வாங்கி வருவார். பெரும்பாலான கைகளுக்கு மூடுவது பிரச்சினையே இல்லை, திறப்பதுதான் பிரச்சினை, ஏற்கெனவே இறுகி மடங்கிக்கொண்டிருக்கும் கையை இன்னும் இறுக்கப் பழக்குவானேன். விரல்கள் பிரிக்கவே முடியாமல் இறுகினால் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போன்ற வழிகள் உண்டு, நரம்பியல் டாக்டரைக் கேளுங்கள்.

புறா ரத்தம் தடவினால் சூடு ஏறிக் கை வரும் என்பார்கள், எங்களிடமும் சொன்னார்கள். கை வராது, புறாதான் போகும். எண்ணெய் தடவுவதில் தப்பில்லை, இதமாக இருக்கும். ஆனால் உணர்வு குறைந்த கைக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். மூளைக்கு என்று சொல்லி மாத்திரை தேடி அலைபவர்களுக்கும் ஒன்று: மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளுவாக்சிடின் கைக்கு உதவும் என்று 2011இல் பெரிய நம்பிக்கை இருந்தது, 2018இல் 3,000 பேருக்கு மேல் சோதித்தபோது பலன் தெரியவில்லை, எலும்பு முறிவு கூடியது. மனச்சோர்வுக்காக டாக்டர் அதைக் கொடுத்தால் அது வேறு விஷயம். மனச்சோர்வு இந்த நேரத்தில் சர்வசாதாரணம், "ஏன் முயற்சி பண்ண மாட்டேங்கிற" என்று திட்டுவதற்கு முன் அதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

வாரம் ஒருமுறை ஒரே நாளில், ஒரே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள். 60 நொடியில் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை சோழி மாறுகிறது, அவ்வளவு போதும். ஆஸ்பத்திரியில் மரக்கட்டைகளை வைத்து இதையேதான் செய்கிறார்கள். அம்மாவுக்கு முதல் வாரம் 2, மூன்றாம் மாதம் 11. நடுவில் ஐந்து வாரம் 8லேயே நின்றது. அந்த மாதிரி நிற்கும் போதுதான் "ஆறு மாசம் தாண்டினா அவ்வளவுதான்" என்று யாராவது வந்து சொல்வார்கள். லண்டன் குயின் ஸ்கொயரில் உள்ள நரம்பியல் ஆஸ்பத்திரியில் 3 வாரத்தில் 90 மணி நேரம் கைக்குப் பயிற்சி கொடுக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது, அங்கே வந்த 224 பேரின் கணக்கை 2019இல் வெளியிட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஸ்ட்ரோக் வந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெரும்பாலோருக்குக் கை தேறியது, ஆறு மாதம் கழித்தும் அது குறையவில்லை. எல்லோருக்கும் பழைய கை திரும்ப வரும் என்று நான் சொல்ல மாட்டேன். பலருக்கு அது பிடித்துக்கொள்ள உதவும் இரண்டாம் கையாகத்தான் வரும், டப்பாவைப் பிடித்துக்கொண்டால் இன்னொரு கை மூடியைத் திறக்கும். அதுவும் ஒரு நாளில் எத்தனை தடவை தேவைப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை ஒருநாளும் விடாதீர்கள், அடுத்த ஸ்ட்ரோக் வந்தால் எண்ணிய அத்தனை கொட்டையும் வீண். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, புதிதாகக் கை கால் சோர்ந்தாலோ உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு, அதிலும் சீக்கிரம் போட்டால்தான் பலன் அதிகம்.

அம்மாவுக்கு இப்போது ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. சோழி 19. ஜாக்கெட்டில் ஐந்து கொக்கியில் மூன்றைத் தானே மாட்டுகிறார், மேலே உள்ள இரண்டுக்கு என்னைக் கூப்பிடுகிறார். நான் கொஞ்சம் தாமதமாகத்தான் போகிறேன்.